நியூசீலந்தின் சுகாதாரச் சீர்திருத்தம்

அரசாங்கம் ஒன்று தனது நிருவாக அமைப்பினை மாற்றத் தலைப்படும்போது வைத்தியசாலைகளும் அம்மாற்றத்துக்கு உட்படுதல் இயல்பேயாம். ஆயின், தபாற் கந்தோருக்குப் பொருந்தும் முறை நோயாளியின் கட்டிலுக்கும் பொருந்துமோ? இவ்வினாவுக்கு விடைகாண நியூசீலந்தின் வரலாற்றை ஈண்டு நோக்குவாம்.

1938ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தினால் அந்நாட்டு மக்கள் பொது வைத்தியசாலைகளில் இலவச சிகிச்சை பெறலாயினர். 1984இன் பின் அரசதுறை முழுவதும் மாற்றமுற்றது. அஞ்சல், மின்சாரம், நிலக்கரி என்பன 1987இல் அரச கம்பனிகளின் வசமாயின. 1988இல் அலன் கிப்ஸ் என்னும் வணிகரின் தலைமையில் அமைந்த குழு, சுகாதாரத் துறையிலும் பணம் கொடுப்போர் வேறு, சேவை வழங்குவோர் வேறு ஆதல் வேண்டுமென விதந்துரைத்தது. தொழிற்கட்சி அரசாங்கம் அதனை ஏற்காது, 14 பிரதேச சுகாதார சபைகளை நிலைபெறச் செய்தது.

1990இல் பதவியேற்ற தேசியக் கட்சி அக்கருத்தை மீண்டும் கையிலெடுத்தது. 1991 யூலையில் அமைச்சர் சைமன் அப்டன் புதிய கொள்கையை வெளியிட்டார். மக்கள் தெரிந்தெடுத்த சபை உறுப்பினர் நீக்கப்பட்டனர். ஆணையாளர் அவரிடத்தில் அமர்த்தப்பட்டனர். 1993 யூலை 1 முதல் 4 பிராந்திய அதிகாரசபைகள் சேவையை வாங்குவனவாகவும், 23 அரச சுகாதார நிறுவனங்கள் அதனை விற்பனவாகவும் இயங்கலாயின.

விளைந்தது யாது? வைத்தியசாலையில் தங்குவோரிடம் ஓரிரவுக்கு 50 டொலர் அறவிடும் முறை 1992இல் வந்தது. மக்களின் எதிர்ப்பினால் மறு ஆண்டிலேயே கைவிடப்பட்டது. இன்றியமையாத சேவைகள் இவையெனப் பட்டியலிடுதற்கு அமைத்த குழு, பட்டியலை வகுக்காது வழிகாட்டல்களையே வழங்கியது. நிறுவனங்கள் பல இலாபம் காணாது கடனுற்றன. சிறு நகரில் உள்ளது ஒரே வைத்தியசாலையாயின் போட்டி எங்ஙனம் உண்டாகும்? நோயுற்றோன் விலை தாழும்வரை காத்திருத்தலும் இயலாதன்றோ!

1998அளவில் நான்கு அதிகாரசபைகளும் ஒன்றாயின. 2000ஆம் ஆண்டுச் சட்டம் 21 மாவட்டச் சபைகளை நிறுவி, மக்கள் பிரதிநிதிகளுக்கு மீண்டும் இடமளித்தது. 2022இல் அச்சபைகளும் ஒழிந்து, தேசிய நிறுவனம் ஒன்று அவற்றினிடத்தைப் பெற்றது.

இவ்வரலாற்றினின்றும் நாம் கொள்ளத்தக்க பாடங்கள் இரண்டு. அமைப்பை மாற்றுதல் எளிது. அவ்வமைப்பின்மீது மக்கள் கொண்ட நம்பிக்கையை மீளப் பெறுதல் அரிது. அன்றியும், தாதியரையும் வைத்தியரையும் நோயாளரையும் கேளாது வகுக்கும் கொள்கை, நாடி பாராது கொடுக்கும் மருந்தை ஒக்கும். நாளை வைத்தியராகவும் நிருவாகிகளாகவும் கடமையேற்கவிருக்கும் நம் மாணவர் இதனை உளங்கொள்வாராக.