பெட்டியில் கிடைத்த படம்: ஒலிப்பதிவுக் கூடத்துப் புகைப்படத்தைப் படிக்கும் முறை

நம்மில் பலர் ஊரைவிட்டு வரும்போது எடுத்து வந்தவை குறைவு. பாத்திரம் பண்டங்களை விட்டு வந்தோம். புகைப்படங்களை மட்டும் விடவில்லை. ஆனால் அந்தப் படங்களில் பாதிக்குப் பின்புறம் வெறுமையாக இருக்கிறது. யார், எங்கே, எப்போது என்று எழுதிவைத்தவர் இல்லை. கேட்டால் சொல்லக்கூடியவர்களும் ஒவ்வொருவராக விடைபெற்றுக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே பழைய படம் ஒன்றைப் படிப்பது எப்படி என்று ஒரு பாடம் எழுதும்படி ஆசிரியர் குழு கேட்டதற்கிணங்க இதை எழுதுகிறேன். ஒலிப்பதிவுக் கூடத்தில் எடுத்த படத்தையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். காரணம், அத்தகைய படத்தைக் கண்டதும் நம்மவர் அனைவரும் ஊகிக்கத் தொடங்கிவிடுகிறோம்!

எங்கள் குடும்பம் கொல்லங்கோட்டைச் சேர்ந்தது. நெல்லியாம்பதி மலையின் அடிவாரத்தில், பாலக்காடு - பொள்ளாச்சி ரயில் பாதையில் உள்ள ஊர். கேரளத்தில் இருந்தாலும் தமிழ் பேசும் வீடுகள் நிறைந்தது. அங்கே எங்கள் பூர்வீக வீட்டைக் காலி செய்தபோது ஒரு தகரப் பெட்டியில் கருப்பு வெள்ளைப் படம் ஒன்று கிடைத்தது. அதைச் சங்கத்தின் பொங்கல் கூடுகைக்குக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தேன். ஒரு மணி நேரத்துக்குள் அந்தப் படத்துக்கு ஏழெட்டு விளக்கங்கள் கிடைத்தன. "இது சென்னை ஏவி.எம்." என்றார் ஒருவர். "திருச்சி வானொலி" என்றார் இன்னொருவர். "கண்ணாடிக்குப் பின்னால் நிற்பது எம்.எஸ். விஸ்வநாதன்தான், சந்தேகமே இல்லை" என்றார் மூன்றாமவர். எல்லாரும் அன்போடுதான் சொன்னார்கள். எது சரி என்று பார்ப்பதற்கு ஒரு முறை வேண்டும் அல்லவா? அந்த முறையைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் படி: காண்பதை மட்டும் எழுதுக

ஒரு தாளை இரண்டாகக் கோடிட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் 'காண்பது', வலப்பக்கம் 'நினைப்பது'. எங்கள் படத்தில் காண்பது இதுதான்: பெரிய மைக் ஒன்றின் முன் நிற்கும் ஒரு பெண், தாழ்ந்த மரமேடையில் வயலினுடன் ஒருவர், மிருதங்கத்துடன் ஒருவர், பின்னால் கண்ணாடிச் சன்னல், அதன் அப்பால் நிழலாக ஓர் ஆண், அவர் அருகே நாடாச் சுருள்கள் பொருத்திய ஒரு கருவி, வலது ஓரத்தில் கையில் தாளுடன் ஒரு தாவணிப் பெண். அவ்வளவே. 'பாடகி' என்பதுகூட நினைப்பதுதான். மைக்கின் முன் நின்றதால் அப்படிச் சொல்கிறோம்.

இந்தப் பிரிவினை ஏன் முக்கியம்? 1916-இல் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் எடுத்த புகழ்பெற்ற படம் ஒன்று உண்டு. பிரான்சிஸ் டென்ஸ்மோர் என்ற இசை ஆய்வாளர் ஒரு போனோகிராப் கருவியின் பக்கம் அமர்ந்திருக்கிறார். எதிரே பிளாக்ஃபுட் பழங்குடித் தலைவர் மவுண்டன் சீஃப். 'தலைவரின் பாட்டைப் பதிவு செய்கிறார்' என்ற குறிப்புடன் அந்தப் படம் பல இடங்களில் வெளியாயிற்று. ஆனால் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் பட்டியல், தலைவர் ஒலிப்பதிவைக் கேட்கிறார் என்று சொல்கிறது. அக்காலத்து உருளைக் கருவி பதிவும் செய்யும், திருப்பிப் பாடவும் செய்யும். கருவி அங்கே இருந்தது என்று மட்டும் படம் சொல்லும். என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை நாம்தான் சேர்த்துக்கொள்கிறோம்.

இரண்டாம் படி: படம் இடம் வலம் மாறியதா?

எங்கள் படத்தில் ஒரு வியப்பு இருந்தது. மிருதங்கக்காரர் கரணையிட்ட வலந்தலையை இடக்கையால் வாசிக்கிறார். உடனே இரண்டு கட்சிகள் உருவாயின. "நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சிட்டுவிட்டார்கள்" என்றது ஒன்று. "இடக்கை என்றால் பழநி சுப்பிரமணிய பிள்ளைதான்" என்றது மற்றொன்று. பழநி சுப்பிரமணிய பிள்ளை (1908-1962) இடக்கை வாசிப்பில் பெரும் புகழ் பெற்றவர் என்பது உண்மை. மேடையில் வலந்தலை அவையை நோக்க வேண்டும் என்பதால், இடக்கை வித்வான் வழக்கமான பக்கத்தை மாற்றி அமர வேண்டியிருக்கும்.

இதைத் தீர்க்க வாக்குவாதம் தேவையில்லை. நம் உடையே சாட்சி. சேலையின் முந்தானை பொதுவாக இடத்தோளில் விழும். சட்டைப்பை இடமார்பில் இருக்கும். வயலின் வில் வலக்கையில் இருக்கும். எங்கள் படத்தில் மூன்றும் சரியாகவே இருந்தன. ஆகவே படம் மாறவில்லை, வாசிப்பவர் இடக்கைக்காரர். அதனால் அவர் பழநி பிள்ளை என்று ஆகிவிடுமா? ஆகாது. புகழ் பெற்ற இடக்கைக்காரர் ஒருவர் இருந்தார் என்பதால் இடக்கைக்காரர் எல்லாரும் அவராகிவிட மாட்டார்கள்.

மூன்றாம் படி: காலத்துக்கு இரண்டு வேலி

ஆண்டைச் சரியாகச் சொல்ல முயலாதீர்கள். 'இதற்கு முன் இல்லை' என்று ஒரு வேலி, 'இதற்குப் பின் இல்லை' என்று ஒரு வேலி போடுங்கள். ஒலிப்பதிவுக் கருவிகள் முதல் வேலிக்கு நன்றாக உதவும். நினைவில் வைக்கத்தக்கவை இவை:

1925 வரை வணிக ஒலிப்பதிவில் மைக் இல்லை. பாடுபவர் பெரிய குழல் ஒன்றின் வாய்க்கு அருகில் நின்று உரக்கப் பாடுவார். ஒலியின் விசையே மெழுகுத் தட்டில் கோடு கீறும். 1902-இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடியது இப்படித்தான். 1925-இல் மின்முறைப் பதிவு வந்தது. குழல் போய் மைக் வந்தது. பெரிதாகத் தெரியும் ஆர்.சி.ஏ. 44 வகை மைக் 1930களின் தொடக்கத்தில் வந்தது. ஜெர்மனியின் நாய்மன் யு 47 வகை 1949-இல் வந்தது. காந்த நாடாக் கருவி 1935-இல் பெர்லினில் காட்சிக்கு வைக்கப்பட்டாலும், உலகெங்கும் பரவியது இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகே.

எங்கள் படத்து மைக் முதல் வகையைச் சேர்ந்தது. அதைக் கண்டு "அப்படியானால் 1930கள்" என்றார் ஒரு நண்பர். அவசரப்படக் கூடாது. கருவி 'முன் இல்லை' என்று சொல்லுமே தவிர 'பின் இல்லை' என்று சொல்லாது. நல்ல மைக்கை எவரும் தூக்கி எறிவதில்லை. பல பத்தாண்டுகள் பயன்படுத்துவார்கள். படத்தில் உள்ள பொருள்களில் மிகப் புதியது எது என்று பாருங்கள். இங்கே அது நாடாச் சுருள். எனவே முதல் வேலி 1940களின் கடைசி. இரண்டாம் வேலியைப் பின்னால் சொல்கிறேன்.

நான்காம் படி: எந்த இடம்?

ஒலிப்பதிவுக் கூடம் என்றால் சென்னை என்று நினைத்துவிடுகிறோம். 1950களில் பாலக்காட்டுப் பக்கத்து இசைக்கலைஞர் ஒருவருக்கு வழிகள் பல இருந்தன. சென்னை வானொலி நிலையம் 1938-இலும் திருச்சி நிலையம் 1939-இலும் தொடங்கின. கோழிக்கோடு நிலையம் 1950-இலும் திருச்சூர் நிலையம் 1956-இலும் வந்தன. எல்லாவற்றுக்கும் மேலாகப் பக்கத்திலேயே கோயம்புத்தூர் இருந்தது. அங்கே சென்ட்ரல் ஸ்டூடியோவும் பட்சிராஜா ஸ்டூடியோவும் திரைப்படங்களை உருவாக்கிக்கொண்டிருந்தன. 1928-இல் பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியில் பிறந்த எம்.எஸ். விஸ்வநாதனே ஜூபிடர் நிறுவனத்தில் எஸ்.எம். சுப்பையா நாயுடுவிடம் சிறு வேலையில் இருந்துதான் இசையைப் பிடித்துக்கொண்டார். கொல்லங்கோட்டிலிருந்து சென்னை ஓரிரவுப் பயணம். கோவைக்குக் காலையில் போய் இருட்டுமுன் வீடு திரும்பலாம். வரைபடத்தையும் வைத்துக்கொண்டு படத்தைப் பாருங்கள்.

ஐந்தாம் படி: பெரிய பெயர்களிடம் எச்சரிக்கை

நம் பக்கத்துக்குப் பெருமைக்குரிய பெயர்கள் குறைவில்லை. செம்பை வைத்தியநாத பாகவதர், பாலக்காடு மணி ஐயர், கே.வி. நாராயணசுவாமி, எம்.எஸ்.வி., சிற்றூரில் பிறந்த பி. லீலா. இந்தப் பெருமையே கண்ணை மறைக்கும். "மைக்கின் முன் நிற்பது பி. லீலா" என்று இருவர் உறுதியாகச் சொன்னார்கள். 1934-இல் பிறந்தவர் என்பதால் காலம் பொருந்தத்தான் செய்கிறது. ஆனால் பொருந்துவது வேறு, நிரூபணமாவது வேறு. ஒப்பிடும்போது கொண்டை, நகை, பொட்டு ஆகியவற்றை விட்டுவிட்டுக் காதைப் பாருங்கள். காதின் மடலும் தோடு தொங்கும் நுனியும் ஒட்டியிருக்கும் விதமும் ஆளுக்கு ஆள் வேறுபடும். வயதானாலும் அமைப்பு பெரிதாக மாறாது. எங்கள் படத்துப் பெண்ணின் காது பி. லீலாவின் படங்களோடு ஒத்துப்போகவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் நிற்பவரோ வெறும் நிழல். நிழலுக்கு யார் பெயரையும் வைக்கலாம். ஆகவே எவர் பெயரையும் வைக்கக் கூடாது.

ஆறாம் படி: ஓரத்தில் நிற்பவரைக் கேளுங்கள்

1956 டிசம்பர் 4 அன்று அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் சன் ஸ்டூடியோவில் ஒரு படம் எடுக்கப்பட்டது. எல்விஸ் பிரெஸ்லி பியானோ முன் அமர்ந்திருக்க, ஜெர்ரி லீ லூயிஸ், கார்ல் பெர்கின்ஸ், ஜானி கேஷ் மூவரும் சூழ்ந்து நிற்கிறார்கள். 'பத்து லட்சம் டாலர் நால்வர்' என்று பெயர் பெற்ற படம். உண்மையில் அதில் ஐந்தாவதாக ஒரு பெண்ணும் இருந்தார். பியானோவின் மேல் அமர்ந்திருந்தார். பின்னர் பரவலாக அச்சான பிரதிகள் பலவற்றில் அவரை வெட்டிவிட்டார்கள். அவர் யார் என்று பல ஆண்டுகள் பலருக்குத் தெரியாதிருந்தது. இன்னொரு விந்தை: படத்தில் தெளிவாக நிற்கும் ஜானி கேஷின் குரல் அன்றைய ஒலிநாடாவில் தெளிவாகக் கேட்பதில்லை. தாம் மைக்கிலிருந்து தள்ளி நின்று, வழக்கத்தைவிட உயர்ந்த சுருதியில் பாடியதாக அவரே தம் தன்வரலாற்றில் சொல்கிறார். படத்தில் இருப்பவர் ஒலியில் இல்லாமல் போகலாம்; ஒலியில் இருப்பவர் படத்தில் வெட்டுப்படலாம்.

நம் நாட்டுக் கதையும் இதுதான். பழைய திரைப்பட இசைத்தட்டின் நடுவில் ஒட்டிய தாளைப் பாருங்கள். படத்தின் பெயர், பாடியவர், இசையமைத்தவர் இருக்கும். வயலின் வாசித்தவரும் கோரஸ் பாடியவரும் பெரும்பாலும் இருக்க மாட்டார்கள்.

எங்கள் பொங்கல் கூடுகையில் அந்தத் தாவணிப் பெண்ணைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. நான் அவரை மட்டும் பெரிதாக்கி, கொல்லங்கோட்டில் இருக்கும் என் அத்தைப் பாட்டிக்கு அனுப்பினேன். வயது எண்பத்தெட்டு. "இதில் யாரைத் தெரிகிறது?" என்று மட்டுமே கேட்டேன், என் ஊகம் எதையும் சொல்லவில்லை. தொலைபேசியில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னார்: "முகம் சரியாத் தெரியலை. ஆனா அந்தத் தாவணி என்னோடது. கரையிலே கொடி போட்டது. அக்கா பாடறதுக்குக் கோயம்புத்தூர் போனப்போ வாங்கிக் கட்டிண்டு போனா. அப்பாதான் கூட்டிண்டு போனார். ஒரே ஒரு தடவைதான். அப்புறம் அனுப்பலை."

அந்த அக்காவை நான் கண்டதில்லை. வீட்டில் அவர் பாடுவார் என்று எவரும் சொல்லிக் கேட்டதுமில்லை. அவர் திருமணப் பத்திரிகை எங்களிடம் இருக்கிறது: 1958. படத்தில் இருப்பவர் தாவணியில் இருக்கிறார். இப்போது இரண்டாம் வேலியும் கிடைத்துவிட்டது. படம் 1940களின் கடைசிக்கும் 1958-க்கும் இடையில், பெரும்பாலும் கோயம்புத்தூரில் எடுத்தது. கையில் இருந்த தாள் பாட்டாக இருக்கலாம். எம்.எஸ்.வி. நின்றாரா இல்லையா என்று ஒரு மணி நேரம் பேசிய மேசையில், எங்கள் வீட்டுப் பெண் ஒருத்தி எழுபது ஆண்டுகளாக நின்றுகொண்டிருந்தாள்.

ஏழாம் படி: பின்புறம் எழுதும் முறை

படத்தின் பின்னால் எழுதும் பெயர் அடுத்த தலைமுறைக்கு வேதவாக்கு. ஆகவே தெரிந்ததை எழுதுங்கள்; சொன்னவர் யார், சொன்ன நாள் எது என்பதையும் எழுதுங்கள். தெரியாதவருக்கு 'தெரியவில்லை' என்றே எழுதுங்கள். அது குறையல்ல, பின்னால் வருபவருக்கு விட்டுவைத்த இடம். மென்மையான பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல் எழுத வேண்டும். பந்துமுனைப் பேனா முன்புறம் தடம் பதிக்கும். செலோ டேப் ஒட்டாதீர்கள், லாமினேட் செய்யாதீர்கள். கைப்பேசியில் பிரதி எடுத்தால் முன்புறம், பின்புறம் இரண்டையும் எடுங்கள்.

எங்கள் படத்தின் பின்னால் இப்போது இப்படி இருக்கிறது: 'வலது ஓரம்: பெரிய அத்தைப் பாட்டி. தாவணியைக் கொண்டு தங்கை அடையாளம் சொன்னது. முகம் உறுதியில்லை. மற்ற நால்வர்: தெரியவில்லை.'

பயிற்சி (குழந்தைகளும் பெரியவர்களும் சேர்ந்து செய்க)

1. வீட்டில் உள்ள பழைய படம் ஒன்றை எடுத்துக் 'காண்பது', 'நினைப்பது' என இரு பட்டியல் எழுதுக.
2. படம் இடம் வலம் மாறியதா என்பதை உடையைக் கொண்டு கண்டுபிடிக்க.
3. படத்தில் உள்ள பொருள்களில் மிகப் புதியது எது? அதனால் கிடைக்கும் வேலி என்ன?
4. ஊரில் இருக்கும் மூத்தவர் ஒருவருக்குப் படத்தை அனுப்பி, நம் ஊகத்தைச் சொல்லாமல், "இதில் யாரைத் தெரிகிறது?" என்று மட்டும் கேட்க. அவர் சொல்வதை அவர் சொன்னபடியே எழுதுக.

நான்காவது பயிற்சியை மட்டும் ஒத்திவைக்க வேண்டாம். மற்ற மூன்றையும் அடுத்த ஆண்டுகூடச் செய்யலாம்.