மந்த இசையும் இயந்திரமும்

மாளிகையைக் காண்போர் அதன் மாடங்களைப் புகழ்வர். கடைக்காலைப் புகழ்வார் இலர். மேனாட்டு இசைக்குழுக்களில் பேஸ் கிட்டார் மீட்டுவோர் நிலையும் இத்தகையதே. பாடுவோர் முன்னே நிற்பர். கிட்டார் மீட்டுவோர் விரல் விரைவால் கைதட்டல் பெறுவர். மந்த இசை தருபவரோ முரசு கொட்டுபவரின் அருகே ஒதுங்கி நிற்பார். ஆதலின், அவர் தொழிலை ஓர் இயந்திரத்திடம் ஒப்படைத்தால் என்ன என்னும் எண்ணம் எழுந்ததில் வியப்பில்லை. ஒருவருடைய கூலி மிச்சமாகும் அன்றோ!

கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி நொடிக்கு ஏறத்தாழ 82 முறை அதிரும். பேஸ் கிட்டாரின் தாழ்ந்த தந்தியோ ஏறத்தாழ 41 முறையே அதிரும். ஒரு ஸ்தாயி கீழிறங்கிய அவ்வொலியைக் காதோடு நெஞ்சும் உணரும். முரசு காலத்தைக் காட்டும்; கிட்டார் சுரத்தைக் காட்டும்; இரண்டையும் பிணைப்பது மந்த இசையே.

பேஸ் கிட்டார் தொன்மையான கருவியன்று. முன்னாளில், ஆள் உயரத்தை விஞ்சிய டபுள் பேஸ் என்னும் கருவியை நிறுத்தி வைத்து வாசித்தனர். அதைச் சுமந்து ஊர்தோறும் செல்வது பெரும்பாடு. பிற கருவிகளின் முழக்கத்தில் அதன் ஒலி அமிழ்ந்துவிடும். மெட்டுகள் இன்மையால், விரல் சற்றே விலகினும் சுருதி பிசகும். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்து லியோ பெண்டர் என்பவர், வீணையிற்போல மெட்டுகள் அமைந்த மின்சார பேஸ் கிட்டாரை 1951ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொணர்ந்தார். கருவி மாறிற்று, கலைஞரின் தேவை மாறவில்லை. டெட்ராய்ட் நகரத்து ஜேம்ஸ் ஜேமர்சன் டபுள் பேஸை விட்டுப் புதிய கருவிக்கு வந்தவர். வலக்கைச் சுட்டுவிரல் ஒன்றினாலேயே மீட்டி, மோடவுன் நிறுவனத்தின் எத்தனையோ பாடல்களுக்கு உயிரூட்டினார். ஆயினும், இசைத்தட்டின் உறையில் அவர் பெயரைக் காண 1971ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது.

ஆளுக்கு ஈடாக இயந்திரத்தை வைக்க வெளிப்படையாகவே முயன்றது ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம். 1980களின் தொடக்கத்தில் அது டிபி-303 என்னும் சிறு பெட்டியை விற்றது. துணையின்றிக் கிட்டார் பயில்வோர்க்கு பேஸ் கலைஞர் இல்லாக் குறையைத் தீர்ப்பதே அதன் நோக்கம். சுரங்களை முன்கூட்டிப் பதித்துவிட்டால், சோர்வின்றித் திரும்பத் திரும்ப ஒலிக்கும். ஆனால், பாடுபவர் ஓரடியை நீட்டினால் பெட்டி காத்திராது. முரசு கொட்டுபவர் சற்றுத் தாழ்த்தி அடித்தால் அதற்கேற்ப இசையாது. கேட்டு வாசித்தலே பேஸ் கலைஞரின் தொழிலிற் பாதி. அப்பாதி பெட்டிக்குள் இல்லை. பதிக்கும் முறையும் கடினம். எழுந்த ஒலியும் தந்தியின் ஒலி போன்றதன்று. வாங்குவார் குறையவே, 1984இல் உற்பத்தி நின்றது. பின்னர் மலிவாகக் கிடைத்த அப்பெட்டியைச் சிகாகோ இளைஞர் சிலர் வாங்கி, திருகுகளை மனம்போனவாறு திருகினர். கீச்சிட்டும் குமுறியும் எழுந்த அவ்வொலியிலிருந்து ஆசிட் ஹவுஸ் என்னும் நடன இசை பிறந்தது. பியூச்சர் என்னும் குழு 1987இல் வெளியிட்ட இசைத்தட்டு அதனைப் பரப்பிற்று. கலைஞருக்கு மாற்றாக வந்த பெட்டி, யாருக்கும் மாற்றாகாமல் புகழ் பெற்றது விந்தையே.

பேஸ் கலைஞர் இன்றிக் குழுவே அமையாது என்பதும் மிகைக் கூற்றே. ஒயிட் ஸ்டிரைப்ஸ் குழுவில் இருந்தவர் இருவரே. 2003இல் வெளிவந்த ‘செவன் நேஷன் ஆர்மி’ பாடலில், ஜாக் ஒயிட் காலால் மிதித்து இயக்கும் மின்கருவி ஒன்றினால் கிட்டார் ஒலியை ஒரு ஸ்தாயி கீழிறக்கினார். அது பேஸ் கிட்டாரே என்று கேட்டோர் பலர் நம்பினர். கால்பந்து அரங்குகளில் பெருங்கூட்டம் சேர்ந்து பாடுவதும் அம்மந்த வரியையே. அங்கும் அதை மீட்டியது மனிதர் கையே என்பது கருதத்தக்கது.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 1965இல் தோன்றிய டோர்ஸ் குழுவிலும் பேஸ் கலைஞர் இலர். ரே மன்சாரெக் வலக்கையால் ஆர்கன் வாசித்தவாறே, இடக்கையால் ரோட்ஸ் பியானோ பேஸ் என்னும் சிறு விசைப்பலகையில் மந்த சுரங்களை எழுப்புவார். மேடைக்கு அது போதும். ஒலிப்பதிவுக் கூடத்திலோ அதன் ஒலி கூர்மை குன்றித் தோன்றிற்று. முதல் இசைத்தட்டிலேயே சில பாடல்களுக்கு லாரி நெக்டெல் என்னும் கலைஞரை அழைத்தனர். 1971இல் வெளிவந்த ‘எல்.ஏ. உமன்’ தொகுதிக்கு, எல்விஸ் பிரெஸ்லியுடன் வாசித்த ஜெர்ரி ஷெப் வந்தார். அவர் மந்தத்தை ஏற்றுக்கொள்ளவே, மன்சாரெக்கின் இடக்கை வலக்கையோடு சேர்ந்து மேலே வாசிக்கலாயிற்று.