ட்ரீம் என்றால் கனவு

'ட்ரீம்' என்பது ஆங்கிலச் சொல். இதன் பொருள் கனவு.

தூக்கத்தில் காண்பது கனவு. மனதில் வளர்க்கும் ஆசையும் கனவுதான். "மகளைப் படிக்க வைக்க வேண்டும். அதுதான் என் கனவு" என்கிறோம். உழைக்காமல் ஆசை மட்டும் பட்டால் அது பகல் கனவு. ஆங்கிலத்தில் அது 'டே ட்ரீம்'.

ஒரு பெண் கண்ட கனவைப் படிப்போம்.

பேகம் ரொகேயா 1880-ல் வங்காளத்தில் பிறந்தார். அவர் வீட்டில் பெண்கள் ஆங்கிலம் படிக்கக் கூடாது. இரவில் எல்லோரும் தூங்கிய பிறகு அண்ணன் சொல்லிக் கொடுத்தார். ரொகேயா கற்றுக்கொண்டார்.

அந்த ஆங்கிலத்திலேயே 'சுல்தானாவின் கனவு' என்ற கதையை எழுதினார். 1905-ல் சென்னையிலிருந்து வந்த ஒரு பெண்கள் பத்திரிகை அதை வெளியிட்டது. கதையில் பெண்கள் நாட்டை நடத்துகிறார்கள். ஆண்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள். சூரிய வெப்பத்தில் சமையல் நடக்கிறது.

ரொகேயா கதையோடு நிற்கவில்லை. 1909-ல் கணவர் இறந்தார். 1911-ல் கல்கத்தாவில் கணவர் பெயரில் பெண்கள் பள்ளி தொடங்கினார். முதலில் சேர்ந்தவர்கள் 8 பேர்தான். ரொகேயா வீடு வீடாகப் போனார். "பெண் பிள்ளைகளை அனுப்புங்கள்" என்று கேட்டார். பிள்ளைகளை அழைத்து வரத் திரை போட்ட வண்டி ஏற்பாடு செய்தார். மாணவிகள் பெருகினார்கள்.

1932-ல் ரொகேயா இறந்தார். அவர் தொடங்கிய பள்ளி இன்றும் கல்கத்தாவில் நடக்கிறது. இன்று அந்த ஊரின் பெயர் கொல்கத்தா.

பேசுவோம்:
ரொகேயா கண்டது பகல் கனவா? ஏன்?

எழுதுவோம்:
உங்கள் கனவு என்ன? அதற்காக இன்று என்ன செய்தீர்கள்? இரண்டு வரி எழுதுங்கள்.