கொழுப்பு மாத்திரை போடுகிறீர்களா?

கட்டுமாவடி மீன் சந்தையில் நிற்கும்போது 'மாத்திரை போடுகிறோமே, மீன் ஆகுமா?' என்று தயங்க வேண்டாம். ஆகும்.

1. மத்தி, கானாங்கெளுத்தி வாங்கிக் குழம்பு வையுங்கள். மீன் மாத்திரையோடு மோதாது. பொரிக்கும் எண்ணெய்தான் வினை.

2. கிரேப்ஃப்ரூட் பழத்தையும் சாற்றையும் விட்டுவிடுங்கள். அட்டோர்வாஸ்டாட்டின், சிம்வாஸ்டாட்டின் மருந்துகளைக் குடலில் சிதைக்கும் நொதியை அது முடக்குவதால், மருந்து ரத்தத்தில் கூடுதலாகச் சேரும். காலையில் சாறு, இரவில் மாத்திரை என்ற கணக்கும் உதவாது. தாக்கம் ஒரு நாளுக்கு மேல் நீடிக்கும். பம்பளிமாஸ் அதற்கு நெருங்கிய சொந்தம், அதையும் தவிர்ப்பதே நல்லது. சாத்துக்குடி, கமலா ஆரஞ்சு தாராளமாகச் சாப்பிடலாம்.

3. ரோசுவாஸ்டாட்டின் போடுபவர்கள், நெஞ்செரிச்சலுக்கான ஜெலுசில் வகை மருந்தை 2 மணி நேரம் கழித்துக் குடியுங்கள். சேர்த்துக் குடித்தால் மாத்திரையில் ஏறக்குறைய பாதி உடலில் சேராது.

4. மதுவைத் தள்ளுங்கள். மாத்திரையைக் கையாளும் அதே ஈரலுக்கு இரட்டைச் சுமை.

5. காரணமில்லாத தசை வலியை 'வலை இழுத்த அலுப்பு' என்று விடாதீர்கள். சிறுநீரும் கருத்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள். தசை சிதைவதன் அறிகுறியாக இருக்கலாம்.