பீடிங்கின் பின்பக்கம்

கதவு நிலைக்கும் சுவர்ப் பூச்சுக்கும் நடுவே விரிசல் வந்தே தீரும். மரம் மழைக்காலத்தில் உப்பும், கோடையில் ஒடுங்கும். சிமெண்டுப் பூச்சு அந்த அளவுக்கு அசையாது. அந்த விரிசலை மூடத்தான் நிலையைச் சுற்றித் தேக்குப் பட்டையால் பீடிங் அடிக்கிறோம். இத்தனை வருட மரவேலையில் நான் விட்டுக்கொடுக்காத ஒன்று உண்டு: அடிப்பதற்கு முன்பே பட்டையின் பின்பக்கத்துக்கும் ஒரு கை சீலர். முன்பக்கம் மட்டும் பாலிஷ் ஏறினால், பின்பக்கம் சுவரின் ஈரத்தைக் குடித்து உப்பும். பட்டை குழிந்து, ஓரங்கள் சுவரை விட்டு எழும்பும். வீட்டுக்காரர் கண்ணுக்குத் தெரியாத வேலைதான், ஆனாலும் செய்தே ஆகவேண்டும்.

பட்டை வந்திறங்கிய அன்றே அடிக்க வேண்டாம். பூச்சு நன்றாகக் காய்ந்த அறையில், இடையிடையே குச்சி கொடுத்துக் காற்றோட்டமாக அடுக்கி, இரண்டு வாரமாவது விடுங்கள். சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையைத் தள்ளிப்போடச் சொல்வேன். ஈரத்தோடு அடித்த பட்டை சித்திரை வெயிலில் அகலத்தில் ஒடுங்கும், நீளத்தில் அநேகமாக ஒடுங்காது. அதனால் மூலை இணைப்பு உள்பக்கமாக வாய் திறக்கும்.

மூலைதான் இந்த வேலையின் உயிர். கட்டிங் மெஷினில் 45 டிகிரி வைத்து வெட்டிக்கொண்டே போகக் கூடாது. மூலைமட்டம் வைத்துப் பாருங்கள், நிலையே பிசகியிருக்கும். மூலை 91 டிகிரி என்றால் இரண்டு முனையும் 45.5 ஆக வர வேண்டும். கழிவுத் துண்டுகளை வெட்டிப் பொருத்திப் பார்த்த பிறகே நல்ல பட்டையில் கை வைப்பேன். பூச்சு நிலையைவிடத் துருத்திக்கொண்டிருந்தால் மூலை சேரவே சேராது. பீடிங் மறைக்கும் அகலத்துக்குள் பூச்சை உளியால் செதுக்கிவிடுவேன். நிலை விளிம்பில் 5 மில்லிமீட்டர் தெரியும்படி உள்தள்ளி அடித்தால் சின்னப் பிசகு கண்ணை உறுத்தாது. தேக்கு முனையில் வெடிக்கும், முதலில் மெல்லிய துளை போட்டுவிடுங்கள். மூலையில் பெவிகால் கட்டாயம்.

உப்புத்தாள் 120, 180, 220 என்று வரிசையாக, ரேகை ஓடும் போக்கிலேயே. குறுக்கே ஒரு இழுப்பு இழுத்தாலும் பாலிஷ் ஏறியதும் கீறல் பளிச்சென்று தெரியும். ஆணித் துளைக்குப் பட்டி வைப்பது சீலருக்கு அப்புறம்தான். முன்னாலேயே வைத்தால் அதன் நிறம் மரத்தின் துவாரங்களில் இறங்கி, துளையைச் சுற்றிக் கறையாக நிற்கும்.

அரக்கு பாலிஷ் என்றால் மழை நாளில் தொடவே வேண்டாம். அதில் உள்ள ஸ்பிரிட் ஆவியாகும்போது மேல்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து வெள்ளையாகப் பூத்துவிடும். சுவருக்குக் கடைசிக் கோட் பெயிண்ட் இதெல்லாம் முடிந்து, பீடிங்கில் டேப் ஒட்டிய பிறகு.