விடைத்தாள் கொடுக்கும் நாளில்

காலாண்டுத் தேர்வு முடிந்து விடைத்தாளைக் கொடுக்கும் பாடவேளை பத்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. பிள்ளைகள் மார்க்கைக் கூட்டிப் பார்ப்பார்கள், அரை மார்க் விட்டுப்போயிருந்தால் மேசைக்கு ஓடி வருவார்கள், அவ்வளவுதான். கண் வலிக்கத் திருத்தியதற்கு அது மிகக் குறைந்த பலன். புதிதாக வகுப்பெடுக்க வந்தவர்களுக்குச் சில குறிப்புகள்:

செய்ய வேண்டியவை

• தப்பு எங்கே பிறந்தது என்று பாருங்கள். 1/2 + 1/3 = 2/5 என்று ஒருத்தி எழுதியிருக்கிறாள். சுழித்துவிட்டு 5/6 என்று எழுதிவிடுவது சுலபம். ஆனால் அவள் கண்ணை மூடிக்கொண்டு எழுதவில்லை. தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் கூட்டியிருக்கிறாள். "2/5 அரையைவிடப் பெரியதா, சின்னதா?" என்று ஓரத்தில் எழுதுங்கள். அரையோடு இன்னொன்றைக் கூட்டியும் அரைக்குக் கீழே வந்திருப்பது அவள் கண்ணிலேயே படும். மீ.சி.ம. பற்றி அப்புறம் பேசலாம்.

• கட்டுரை என்றால் ஒரே ஒரு வகைப் பிழையை எடுங்கள். இந்த வாரம் ல, ள, ழ. ஒற்றுப்பிழை அடுத்த வாரம். பக்கம் முழுக்கச் சிவப்பானால் எதையும் படிக்கமாட்டார்கள்.

• திருத்தி எழுத வகுப்பிலேயே நேரம் கொடுங்கள். வீட்டுக்குப் போன தாள் பைக்குள்ளேயே கிடக்கும்.

• முதல் நாள் குறிப்பு மட்டும், மார்க் மறுநாள். இஸ்ரேலில் ரூத் பட்லர் செய்து 1988இல் வெளியிட்ட ஆய்வில், குறிப்பு மட்டும் பெற்ற பிள்ளைகள் முன்னேறினார்கள். குறிப்போடு மார்க்கும் சேர்ந்தபோது அந்தப் பலன் காணாமல் போனது. பதிவேட்டில் மார்க் ஏற்றத்தான் வேண்டும். ஒரு நாள் தள்ளினால் தலைமையாசிரியர் கோபிக்கமாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

• மார்க் பேச்சு இல்லாத நாளிலும் பேசுங்கள். நேற்று ஏன் வரவில்லை, தம்பிக்குக் காய்ச்சல் விட்டதா என்று கேட்கும் ஆசிரியர் "இந்தப் பத்தியை மாற்றி எழுது" என்றால் பிள்ளை எழுதும். மற்றவர் சொன்னால் அதுவே திட்டாகக் கேட்கும்.

செய்யக்கூடாதவை

• மார்க்கை உரக்க வாசிக்காதீர்கள். கடைசி மார்க்கிலிருந்து தொடங்கி வாசிப்பது அதைவிடக் கொடுமை. கல்வி உரிமைச் சட்டத்தின் (2009) 17ஆம் பிரிவு அடிப்பதோடு மன உளைச்சல் தருவதையும் சேர்த்தே தடை செய்கிறது.

• "கவனம் தேவை" என்று எழுதாதீர்கள். எதில் கவனம்?

• "நீ மூளைக்காரன்டா" என்று தட்டிக்கொடுக்காதீர்கள். அடுத்த கணக்கு வரவில்லையென்றால் மூளை போய்விட்டது என்று நினைத்துக்கொள்வான். "படம் போட்டுப் பார்த்தாயே, அதுதான் கைகொடுத்தது" என்று சொல்லுங்கள்.

• அக்காவோடு ஒப்பிடாதீர்கள், அவளும் உங்களிடமே படித்திருந்தாலும்.

• பெற்றோர் கையெழுத்தை மிரட்டலாக்காதீர்கள். "அப்பாகிட்ட காட்டு, அப்பத்தான் உனக்குப் புத்தி வரும்" என்றால், அரையாண்டுக்குள் அப்பாவின் கையெழுத்தைப் பிள்ளையே அச்சு அசலாகப் போடப் பழகியிருக்கும்.