கீட்டோன் தூள் குடித்தால் கொழுப்பு கரையுமா?

"குச்சியைப் பாருங்க அக்கா, நிறம் மாறிடுச்சு. உடம்பு கொழுப்பை எரிக்க ஆரம்பிச்சிடுச்சு!" கீட்டோன் தூள் விற்கும் ஏஜன்டுக்கு இந்தச் சிறுநீர்க் குச்சியை விடச் சிறந்த விளம்பரம் கிடையாது. ஈப்போவிலிருந்து தெலுக் இந்தான் வரை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் நம்பிக்கைகளில் முதலாவது இதுதான்.

நிறம் மாறுவது பொய்யில்லை. ஆனால் குச்சி காட்டுவது சிறுநீரில் கீட்டோன் இருக்கிறது என்பதை மட்டுமே. அது இடுப்புச் சதையிலிருந்து வந்ததா, காலையில் கலக்கிக் குடித்த கோப்பையிலிருந்து வந்ததா என்று அதற்குத் தெரியாது. சோறும் ரொட்டி சானாயும் குறைந்து இன்சுலின் இறங்கும்போது, கல்லீரல் கொழுப்பு அமிலங்களை உடைத்துக் கீட்டோன் செய்கிறது. அங்கே கொழுப்பு கரைவது காரணம், கீட்டோன் அதன் விளைவு. தூள் வாங்குபவர் விளைவை மட்டும் காசு கொடுத்து வாங்குகிறார்.

இன்னொன்றை ஏஜன்ட் சொல்லமாட்டார். தூளில் இருக்கும் பீட்டா-ஹைட்ராக்ஸிபியூட்டிரேட், கொழுப்புத் திசுவிலுள்ள ஓர் ஏற்பியில் பட்டு, கொழுப்பு வெளியேறுவதைத் தணிக்கிறது. எரிபொருள் ஏற்கெனவே இரத்தத்தில் இருக்கும்போது சேமிப்பை எதற்கு எடுக்க வேண்டும்? அதோடு கீட்டோனுக்கும் கலோரி உண்டு, கிராமுக்கு நாலுக்கு மேல்.

பசி அடங்கும் என்கிறார்களே? இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. 2018இல் வெளியான ஓர் ஆய்வில், கீட்டோன் எஸ்டர் பானம் குடித்தவர்களுக்குச் சில மணி நேரம் பசி தணிந்தது. ஆய்வில் பங்கேற்றவர்கள் 15 பேர்தான். எஸ்டர் விலையும் கசப்பும் அதிகமான சரக்கு. நம் ஊரில் பொட்டலமாகக் கைமாறுவது பெரும்பாலும் கீட்டோன் உப்பு. சோடியம், கால்சியம், மெக்னீசியத்தோடு சேர்த்துக் கட்டியது. ஒரு பொட்டலத்திலேயே பல நூறு மில்லிகிராம் சோடியம் இருக்கக்கூடும். இரத்தக் கொதிப்புக்காரர் கருவாட்டை ஒதுக்கிவிட்டு இதைக் குடிப்பது வேடிக்கைதான்.

"தூள் எதற்கு, ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய் போதும்" என்பவர்களும் உண்டு. பாகான் டத்தோ தென்னைக்குப் பேர்போன இடம் என்பதால் இந்தப் பேச்சு இங்கே எளிதில் எடுபடுகிறது. கீட்டோ பிரியர்கள் கோப்பியில் ஊற்றும் எம்.சி.டி. எண்ணெய், தேங்காய் எண்ணெயிலிருந்தும் செம்பனைப் பருப்பு எண்ணெயிலிருந்தும்தான் வருகிறது. ரப்பரை வெட்டிவிட்டு நம் தோட்டங்களில் நட்டார்களே, அதே செம்பனை. ஆனால் எம்.சி.டி. பிரித்தெடுத்த சரக்கு. கல்லீரலில் வேகமாகக் கீட்டோன் ஆவது 8 கார்பன் கொண்ட கொழுப்பு அமிலம். 10 கார்பன் வகையையும் சேர்த்தால்கூடத் தேங்காய் எண்ணெயில் அது சுமார் 15 விழுக்காடுதான். ஏறக்குறையப் பாதி லாரிக் அமிலம், அதில் பெரும்பகுதி சாதாரணக் கொழுப்பைப் போலவே உடலில் சேர்கிறது. கெட்ட கொழுப்பான எல்.டி.எல். அளவையும் ஏற்றுகிறது. குழம்புக்குத் தாளிக்க நல்ல எண்ணெய்தான், கரண்டியில் குடிக்கும் மருந்தில்லை.

விளையாட்டு வீரர்களுக்காவது கீட்டோன் பானம் உதவுமா? 2016இல் ஓர் ஆய்வில் சைக்கிள் வீரர்கள் 2 விழுக்காடு முன்னேறினார்கள். 2017இல் வேறுவகை எஸ்டர் கொடுத்த ஆய்வில் வயிறு புரண்டு 2 விழுக்காடு பின்தங்கினார்கள். பாடாங்கில் மாலை நடை போகிறவருக்கு இரண்டுமே பொருட்டல்ல.

அடுத்து, "கேகேஎம் லுலுஸ்", அதாவது சுகாதார அமைச்சு ஒப்புதல் தந்தது என்ற மந்திரம். துணை உணவு மாத்திரை என்றால் சுகாதார அமைச்சின் கீழுள்ள மருந்தகக் கண்காணிப்பு முகமையில் பதிவாகி, எம்.ஏ.எல். எண் இருக்க வேண்டும். அந்த எண் எடை குறையும் என்பதற்கான உத்தரவாதமல்ல. பொட்டலத்தில் மெஸ்தி முத்திரை மட்டும் இருந்தால், அது தயாரித்த இடத்தின் சுத்தம், பாதுகாப்பைப் பற்றியது. உடல் மெலியவென்று விற்கும் கோப்பித் தூள்களில் சிபுட்ராமின் கலந்திருப்பதை அமைச்சு பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. இதய ஆபத்தால் 2010இல் பல நாடுகள் கைவிட்ட மருந்து அது. ஆகவே ஒரு கோப்பி "நல்லா வேலை செய்யுது" என்றால், மகிழ்வதற்கு முன் சந்தேகப்படுவது நல்லது.

எனக்குக் கவலை தருவது கடைசி நம்பிக்கைதான்: இனிப்பு நீருக்குக் கீட்டோன் தூள் நல்லது, மாத்திரையை விட்டுவிடலாம். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசிய இந்தியர்களில் வயது வந்தோரில் 31.4 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். கீட்டோன் பானம் குடித்த சில மணி நேரத்துக்குச் சர்க்கரை சற்று இறங்குவதைச் சிறு ஆய்வுகள் காட்டியது உண்மை. அதை நம்பி மெட்ஃபோர்மினையோ இன்சுலினையோ நிறுத்த அந்த ஆய்வுகளில் இடமே இல்லை.

டாபகிலிஃப்ளோசின், எம்பகிலிஃப்ளோசின் எடுப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் இந்த மாத்திரைகளோடு சோற்றையும் ஒரேயடியாக நிறுத்தினால், உடலில் கீட்டோன் கட்டுமீறி ஏறி இரத்தம் அமிலமாகலாம். அப்போது சர்க்கரை பெரிதாக ஏறியிருக்காது என்பதால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராது. வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு வந்தால், விரலில் குத்திப் பார்த்த கருவி சர்க்கரை 9 (mmol/L) என்று காட்டினாலும், தெலுக் இந்தான் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். மாத்திரை அட்டையோடு தூள் பொட்டலத்தையும் எடுத்துப் போங்கள். என்ன குடித்தீர்கள் என்பது டாக்டருக்குத் தெரிய வேண்டும்.